சம்பந்தியம்மா குடிக்காத தண்ணி

அந்த டம்ளரை மட்டும் தொடாதீங்க சார். அது குடிக்கறதுக்கு வெச்சதில்லீங்க. உங்களுக்கு வேற தண்ணி வருது, கூடவே காப்பியும் வருது, சித்தெ உக்காருங்க. பாப்பா, நீயும் அதுல வெரலை வுட்டுறாத கண்ணு. சாயங்காலம் பொழுதோட ஒரு அம்மிணி வந்து பாக்கறதுக்காக அதை அங்க வெச்சிருக்குது. இன்னிக்கு டம்ளர் ரொம்ப முக்கியமான டம்ளருங்க. ஏன்னு சொல்றேன்.

உங்க கோவம் நாயமான கோவந்தான். போட்டோவுல ஏரி ததும்பி நிக்குது, அன்னப்பறவையாட்டம் செஞ்ச போட் நாலு மெதக்குது, அதைப் பாத்துத்தானே புக் பண்ணுனீங்க. வந்து பாத்தா தண்ணி பாதிதான் கெடக்குது, போட்டெல்லாம் கரையில கவுந்து கெடக்குது. போன வாரம் திருப்பூர்க்காரர் ஒருத்தர், இது ஏரியா, எருமை குளிக்கற குட்டையான்னு எம்பட மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டுப் போனார். நான் என்னத்தைச் சொல்ல? எல்லாம் எங்க சம்பந்தியம்மா பண்ணுன வேலைங்க. எம்பட புள்ளையோட மாமியார், மயிலாத்தான்னு பேரு. அந்தக் கரைக்குக் கீழால, பள்ளத்து ஓரமா நீளமா ஷீட் கூரை தெரியுது பாருங்க, அது அவங்க கோழிப்பண்ணை. வீட்டுக்காரர் தவறுன பின்னால தனியா நின்னு நடத்தறாங்க. வேலை செய்யற வடக்கத்திக் குடும்பங்களுக்கு அங்கயே லைன் வீடு. எம்பட புள்ள தாரணி குடியிருக்கறதும் அங்கதான்.

இந்த ஏரி கவர்மெண்டு கட்டுனதில்லீங்க, நான் கட்டுனது. பள்ளம்னா உங்க ஊர்ல ஓடைம்பீங்க. மலையில மழை பேஞ்சா ஒரு வாரம் ஓடும், அப்புறம் சொட்டுத் தண்ணி இருக்காது. எம்பட சொந்தப் பட்டா நிலத்துலதான ஓடுது, வீணாப் போகுதேன்னு குறுக்கால ஒரு மண்கரை போட்டனுங்க. எஞ்சினியரைக் கேட்டீங்களான்னு அப்புறம் எல்லாரும் கேட்டாங்க. எதுக்குங்க எஞ்சினியரு? பொக்லைன்காரர் நம்ம பக்கத்துல பாதிக் குட்டையை வெட்டுனவர். தண்ணி மிஞ்சுனா வெளிய போறதுக்கு ஓரத்துல கலிங்கு ஒண்ணும் வெச்சோம். ஆனா அது கொஞ்சம் எறக்கமா அமைஞ்சு போச்சு, போட்டு தரை தட்டுச்சு. கலிங்கு மேல ரெண்டு வரிசை ஹாலோபிளாக் வெச்சு அடைச்சேன். அடைச்சதும் ஏரி அப்படியே கரை முட்ட நின்னுச்சு. நீங்க பாத்த போட்டோ அப்ப எடுத்ததுதான்.

அந்த நேரத்துல தாரணிக்கு ஜாதகம் தட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. வர்றதெல்லாம் ஏதோ ஒண்ணு சொல்லிப் போயிரும். ஜோசியர் சொன்னார், தண்ணி ஓரமா அரசும் வேம்பும் ஒட்டுக்கா நட்டு, அதுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாத் தடை வெலகும்னு. நாயமாப் பாத்தா சின்னச் செடியா நட்டு, ரெண்டும் வளந்து பின்னுன பின்னாலதான் தாலி கட்டுவாங்க. அது வரைக்கும் காத்திருந்தா எம்பட புள்ளைக்குத் தலை நரைச்சுப் போகுமுங்களே. அதனால நர்சரியில வளந்த மரமா ரெண்டு பாத்து லாரியில கொண்டாந்தேன். எங்க நடறது? கரை உச்சியில நட்டா ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் மலை, பாக்க எடுப்பா இருக்கும். பொக்லைனை வெச்சுக் கரை நடுவுல ஆள் ஆழத்துக்குக் குழி எடுத்து, எருவும் மணலுமாப் போட்டு நிரப்பி நட்டோம். பத்திரிகை அடிச்சு, நாதஸ்வரம் வெச்சு, தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டனுங்க.

அடுத்த மழைக்கு ஏரி ரொம்புச்சு. ரொம்புன கையோட, கரைக்கு அந்தப் பக்கத்துல, மரத்துக்கு நேர் கீழால ஒரு ஊத்து கெளம்புச்சுங்க. வறண்ட மண்ணு சார் அது, காலங்காலமா ஒரு புல்லு மொளைச்சதில்ல. அந்த மாசமே தாரணிக்கு இந்த மயிலாத்தா வீட்டுச் சம்பந்தம் கூடி வந்துச்சு. எனக்கு ஒடம்பே புல்லரிச்சுப் போச்சு. கல்யாணத் தீர்த்தம்னு பேரு வெச்சு, தண்ணி வுழறதுக்குப் பித்தளையில பசுவாய் செஞ்சு மாட்டுனேன். கல்யாணம் ஆகாத புள்ளைங்க பாட்டில் பாட்டிலாப் புடிச்சுட்டுப் போவாங்க. அதுல எத்தனை பேருக்கு ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

கல்யாணம் ஜாம்ஜாம்னுதான் நடந்துச்சு. ஒரே ஒரு கொறை வந்து போச்சு. கடைசிப் பந்தியில ஒப்புட்டு தீந்து போச்சுங்க. போளியைத்தான் நாங்க ஒப்புட்டும்போம். உக்காந்திருந்தது யாருன்னு பாத்தா மயிலாத்தாவோட அண்ணன் வீட்டு ஆளுங்க. அதுல இருந்து அந்தம்மா எங்க வீட்ல பச்சைத் தண்ணி குடிக்கறதில்லீங்க. வருவாங்க, உக்காருவாங்க, சிரிச்சுப் பேசுவாங்க. எம்பட வீட்டுக்காரி சுலோச்சனா சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சா, இருக்கட்டுமுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்க நம்ம வாசல்ல வாய் நனைக்காமப் போனா மனசு என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். சுலோச்சனா என்ன சொல்றான்னா, கல்யாணத்துக்கு அப்புறமும் ஒரு வருசம் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, பாட்டில் விசயத்துக்குப் பின்னாலதான் நிறுத்துனாங்கங்கறா. அவளுக்கு ஞாபக மறதி ஜாஸ்திங்க.

பாட்டில் விசயம் என்னன்னா, தாரணி முழுகாம இருக்கறான்னு சேதி வந்ததும் ரெண்டு பாட்டில் தீர்த்தம் குடுத்து வுட்டேன். மறுநாள் பொழுதோட அந்தம்மா பாட்டிலோட வந்து, இதே மேசை மேல வெச்சாங்க. அடியில ஒரு வெரக்கடை செம்மண்ணு படிஞ்சிருந்துச்சு. இது என்னங்க சம்பந்தின்னாங்க. பூமித்தாய் பிரசாதம், கொஞ்சம் மண்ணு இருக்கத்தான் செய்யும்னேன். போன வருசம் இல்லீங்களே, இந்த வருசம் எங்கிருந்து வருதுன்னாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஒப்புட்டைத்தான் வேற வழியில கௌப்பறாங்கன்னு நெனச்சு, நானே நேராக் கேட்டுட்டேன், அம்மா, அந்த ஒப்புட்டு விசயத்தை இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களான்னு. அவங்க முழிச்சாங்க பாருங்க ஒரு முழி. எந்த ஒப்புட்டுங்கன்னாங்க. அப்படியே ஒண்ணுந் தெரியாத மாதிரி. நாடகத்துல நடிக்கலாமுங்க அந்தம்மா.

அதுக்கப்புறம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்க ஆரம்பிச்சாங்க, மாப்பிள்ளையைக் கார் ஓட்டச் சொல்லி. எம்பட ஏரியைக் கேள்வி கேக்கறதுக்கு ஆள் தேடறாங்க. பெரிய அணையெல்லாம் பாக்கற ஆபீஸ்ல, தனியார் குட்டையெல்லாம் எங்க கணக்குல வராதுன்னுட்டாங்க. தாலூக்கா ஆபீஸ்ல, பட்டா நெலம், ஆக்கிரமிப்பு இருந்தாச் சொல்லுங்கன்னாங்க. பஞ்சாயத்துல, கட்டடம்னா நாங்க, கரைன்னா நாங்க இல்லைன்னாங்க. ரிசார்ட்டுகளைப் பாக்கற ஆபீஸ்ல இருந்து மட்டும் ரெண்டு பேரு நெசமாவே வந்தாங்க. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பாத்தாங்க, பெட்ஷீட்டை மோந்து பாத்தாங்க, சமையக்கட்டுல புளி டப்பாவைக் கூடத் தெறந்து பாத்தாங்க. அப்புறம் கரை மேல மரத்தடியில நின்னு செல்ஃபி எடுத்துட்டு, தீர்த்தம் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க. எனக்கு என்ன சந்தோசம்ங்கறீங்க. டீக்கடை வெச்சிருக்கறவன் கூட ஒரு அதிகாரிக்குப் பயப்படோணும். கேள்வி கேக்க ஆளில்லாத மொதலாளி இந்த நாட்டுல நான் ஒருத்தன்தான்னு நெனச்சு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

அந்தம்மா வுட்டாங்களா? ஏதோ ஒரு ஆபீஸ்ல பெனாசிர்னு ஒரு எஞ்சினியர் மேடம், இது எம்பட வேலையில வராது, ஆனா லீவு நாள்ல குடும்பத்தோட வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ஐப்பசி பொறந்து மழை புடிச்ச நேரம். வீட்டுக்காரரு, சின்னப் பொண்ணோட ரூம் எடுத்துத் தங்குனாங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது, வந்த கெஸ்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போய்ப் பெருமையாத் தீர்த்தத்தைக் காட்டுனேன். அவங்க கைக்குட்டையை மடிச்சு பசுவாயில புடிச்சாங்க. செவந்து போச்சு. உடனே பொண்ணு கையைப் புடிச்சு மேட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய் வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துட்டு, தனியாத் திரும்பி வந்தாங்க.

'சார், இது ஊத்து இல்ல, உங்க ஏரி. கரைக்குள்ள வழி உண்டாக்கிட்டு வருது. தெளிவா வந்தாப் பயமில்ல. மண்ணைக் கூட்டிட்டு வருது பாருங்க, அந்த மண்ணு உங்க கரைதான். உள்ள கரைஞ்சுக்கிட்டே இருக்கும், ஒருநாள் ஒரேயடியா உக்காந்துரும்.'

மரக்குழியிலதான் கோளாறு, கலிங்கை அடைச்சது அதைவிடக் கோளாறு, தண்ணியை எறக்கி, மரத்தை எடுத்து, கரையைத் தோண்டிக் களிமண் போட்டு இறுக்கோணும்னாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டு, மேடம், எம்பட ஏரியில இதைச் செய்யச் சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்குதுன்னு கேட்டேன். மடக்கிட்டேன்னு நெனப்பு. அவங்க கோவிச்சுக்கவே இல்ல.

'யாருக்கும் இல்லீங்க சார். எனக்குப் பயமே அதுதான்.'

தீபாவளிக்கு எல்லா ரூமும் புக் ஆகிக் கெடக்குது சார், எல்லாரும் போட்டுக்காக வர்றவங்க. தீபாவளி முடிஞ்சதும் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தச் சேதி கீழ பண்ணைக்குப் போயிருச்சு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம கேட்டுல டிராக்டர் சத்தம். பாத்தா, டிரெய்லர் நெறையப் பண்ணை ஆளுங்க, பொண்டு புள்ளைங்க, பாத்திரம் பண்டம், பாய் தலகாணி. பின்னாலயே கார்ல எம்பட புள்ள, ஒரு பெட்டியோட எறங்குது. அந்தம்மா நேரா வந்து, தண்ணி எறங்கற வரைக்கும் கீழ மனுசங்க தங்க மாட்டாங்க, கோழிங்களை நான் பாத்துக்கறேன், இவங்களுக்கு நீங்க எடம் குடுங்கன்னாங்க. நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள சுலோச்சனா சாவிக்கொத்தைத் தூக்கிக் குடுத்துட்டா. ஏரி பாக்கற ரூமுல எல்லாம் துணி காயுது, சூட் ரூம் பால்கனியில ரொட்டி சுடறாங்க. எனக்கு அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. வளைகாப்பு ஆகறதுக்கு முன்னாலயே புள்ள பொறந்த வீட்டுக்குப் பெட்டியோட வந்தா ஊரு என்ன பேசும்? மாமியார் தொரத்தி வுட்டுட்டாங்கன்னுதான பேசும்? இதே தாழ்வாரத்துல நின்னு சத்தம் போட்டேன், ஒரு ஒப்புட்டுக்காக எம் புள்ளையைக் கொண்டாந்து வுடறீங்களான்னு. அந்தம்மா எம்பட சத்தம் அடங்கற வரைக்கும் நின்னுட்டு, மெதுவாக் கேட்டாங்க.

'சம்பந்தி, கரை போனாத் தண்ணி எங்கீங்க போகும்?'

'பள்ளத்துல போகும்.'

'பள்ளம் எங்க போகுது?'

'உங்க பண்ணைக்கு.'

'பண்ணையில யாருங்க இருக்கறாங்க?'

தாரணி அந்தா அந்த நாற்காலியில உக்காந்து, வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. இத்தனை நாள் அந்தக் கரையைப் பாத்திருக்கேன் சார், ஏரிப் பக்கமாத்தான் பாத்திருக்கேன். ஒருநாளும் கீழ்ப்பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. அந்தம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேக்காம, கோழிக்குத் தீவனம் போடோணும்னு கீழ எறங்கிப் போய்ட்டாங்க. அன்னைக்கு அங்க தங்குனது அவங்க ஒருத்தர்தான். பிடிவாதம் புடிச்ச பொம்பளைங்க.

நான் கடப்பாரையை எடுத்துக்கிட்டுக் கலிங்குக்குப் போனேன். நானே என் கையால அந்தப் பிளாக்கை எல்லாம் பேத்து எறிஞ்சேன். பண்ணை ஆளுங்களும் ஓடியாந்து கை குடுத்தாங்க. மோட்டார் போட்டு, பைப் போட்டு, மழைக்கு நடுவுலயே தண்ணியை எறக்குனோம். தீபாவளி புக்கிங் போச்சுதான். போனாப் போகுதுன்னுட்டேன்.

அடுத்த கூத்தைக் கேளுங்க. மரத்தை எடுக்கோணும். ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கறான். பொக்லைன்காரர் மரத்துல தாலியைப் பாத்துட்டு ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டுட்டார். கட்டுன தாலியோட ஒரு ஜோடியைச் சாய்க்கற பாவம் எனக்கெதுக்குங்கன்னு வண்டியை ஆஃப் பண்ணிட்டார். எனக்கும் அந்த மரத்தை வெச்சுத்தான எம் புள்ளைக்கு வாழ்க்கை அமைஞ்சுதுன்னு நெனப்பு. எல்லாரும் மலைச்சுப் போய் நிக்கறப்ப தாரணிதான் சொல்லுச்சு.

'எதுக்குப்பா சாய்க்கறீங்க? கல்யாணம் ஆன ஜோடி எத்தனை நாளைக்கு உங்க தலை மேலயே நிக்கும்? தனிக்குடித்தனம் வெச்சுருங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கல, அதுங்களாவது மாமியார் கண்ணுல படாம இருக்கட்டும்.'

மாமியார் பக்கத்துலயே நிக்கறாங்க சார். வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க.

அப்படியே நடத்திட்டோம். நல்ல நாள் பாத்து, வேரோட மண்ணோட தோண்டி, பொக்லைன் கையில ரெண்டு மரத்தையும் ஒட்டுக்காத் தூக்கி, முன்னால மேளம், பின்னால சீர்வரிசை. கொடம், குத்துவெளக்கு, அரிசி மூட்டை, மிக்ஸி கூட வெச்சாங்க. பண்ணை ஆளுங்க அவங்க ஊரு டோலக்கைத் தட்டிக்கிட்டு ஆடுனாங்க. நீங்க வர்றப்ப கேட்டுக்குப் பக்கத்து மேட்டுல ரெண்டு மரம் தழைஞ்சு நிக்குது பாத்தீங்களா? அந்த ஜோடிதான், நல்லாக் குடும்பம் நடத்துது. ஒப்புட்டு அன்னைக்கு அண்டா அண்டாவாப் போட்டனுங்க. அந்தம்மா ஒண்ணே ஒண்ணை எடுத்து எலையில மடிச்சு வீட்டுக்குக் கொண்டு போனாங்க. இங்க திங்கலீங்க.

ஆனா மரத்தைத் தூக்குன நிமிசத்தை மட்டும் நான் மறக்க மாட்டேன். குழிக்கு அடியில ஒரு பொந்து. எலி வளையா இருக்கும்னு குப்புறப் படுத்துக் கையை வுட்டேன். முழங்கை போச்சு, தோள் வரைக்கும் போச்சு, இன்னும் அடி தட்டல. வெரல் நுனியில தண்ணி ஓடுது சார், சில்லுனு. எம் புள்ள படுத்துத் தூங்கற கட்டிலு அப்படியே கண்ணுல வந்து நின்னுச்சு. பயந்துட்டேன். அங்கயே உக்காந்து அழுதனுங்க, இதுல என்ன வெக்கம். அந்தம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல. மனசுக்குள்ள அந்த ஒப்புட்டை வெச்சுக்கிட்டு இருந்தா ஆறுதல் வார்த்தை எப்படிங்க வரும்?

பெனாசிர் மேடம் லீவு போட்டு வந்து, பக்கத்துல நின்னு கரையை இறுக்கிக் குடுத்தாங்க. தண்ணியை இந்த மட்டத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு கல்லு நட்டுட்டுப் போனாங்க. கரைக்குக் கீழ சல்லியும் மணலும் போட்டு ஒரு பைப் வெச்சிருக்குது, அதுல கொஞ்சமாக் கசியும். தெனமும் காலையில அதுல ஒரு டம்ளர் புடிச்சு வெச்சு, பொழுதோட அடியில மண்ணு படிஞ்சிருக்குதான்னு பாருங்கன்னாங்க. அதைப் பாக்கற அதிகாரி யாருன்னு கேட்டேன். மேடம் மயிலாத்தாவைத் திரும்பிப் பாத்தாங்க. அன்னைக்கு எனக்கு வந்து சேந்துச்சு இந்தக் கெரகம். பேரன் பொறந்து இங்க இருந்த வரைக்கும் அவனைக் கொஞ்ச வர்ற சாக்கு, இப்ப அந்தச் சாக்குக்கூட இல்லாம, தெனமும் வந்து டம்ளரைத் தூக்கிப் பாத்துட்டுப் போறாங்க. தண்ணி மட்டும் குடிக்கறதில்ல.

இன்னிக்கு டம்ளர் முக்கியம்னேனே. நேத்து மலையில கொட்டித் தீத்துச்சு பாருங்க, கரையைச் சரி பண்ணுன பின்னால வந்த மொத பெருமழை அதுதான். மண்ணு வருதா இல்லையான்னு இன்னிக்குத்தான் தெரியும். காலையில புடிச்சு வெச்சேன், அப்புறம் அது பக்கமே நான் திரும்பல. உங்ககிட்ட இவ்வளவு நேரம் வளவளன்னு பேசுனதே அதைப் பாக்காம இருக்கத்தானுங்க. இப்ப பேரனும் கீழ பண்ணையிலதான் தூங்கறான்.

அந்தா, மொபெட் சத்தம். வந்துட்டாங்க. எந்திரிக்காதீங்க, நீங்க பாட்டுக்குக் காப்பியைக் குடிங்க.

வாங்கம்மா. இவங்க சென்னைங்க, குடும்பத்தோட வந்திருக்காங்க.

பாத்தீங்களா சார், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நேரா டம்ளர்கிட்டப் போறாங்க. வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறாங்க. சாய்ச்சுப் பாக்கறாங்க. ஏனுங்கம்மா, அடியில ஏதாவது இருக்குதுங்களா? சொல்லுங்கம்மா.

'ஒண்ணுமே இல்லீங்க சம்பந்தி. கண்ணாடியாட்டம் இருக்குது.'

அப்பா. சாமி, நீ நல்லாயிருப்ப. சார், உங்க கையைக் குடுங்க.

அட. அம்மா, அதை என்ன பண்ணறீங்க? சார், பாருங்க, பாருங்க. அண்ணாந்து குடிக்கறாங்க. முழு டம்ளரையும் குடிச்சுட்டாங்க. சேலைத் தலைப்புல வாயைத் தொடச்சுட்டு, என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க.

சுலோச்சனா! அடுப்பை அமத்திட்டு ஓடியா. சம்பந்தியம்மா ஒப்புட்டை மன்னிச்சுட்டாங்க!